உங்களுக்குத் தெரியுமா? – புது நர்ஸும் பொம்மை நோயாளியும்

வார்டில் ஒரு நோயாளிக்குத் திடீரென்று நாடித்துடிப்பு நின்றால், அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் டியூட்டியில் இருக்கும் நர்ஸ்தான். அவர் போன மாதம்தான் வேலையில் சேர்ந்தவர் என்றால்? அந்த ஒரு நாளுக்காகவே பொம்மையை நோயாளியாகப் படுக்கவைத்து ஒத்திகை பார்க்கிறார்கள். அந்த ஒத்திகையைப் பற்றிச் சில தகவல்கள்.

★ மிஸஸ் சேஸ்
அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனை நர்ஸிங் பள்ளி, 1911-இல் ஆளுயரப் பொம்மை ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கியது. செய்து கொடுத்தவர் மார்த்தா சேஸ் என்ற பொம்மைத் தயாரிப்பாளர். நோயாளியைப் புரட்டுவது, தூக்குவது, உடை மாற்றுவது எல்லாம் மாணவிகள் அதில்தான் பழகினார்கள். பொம்மைக்கும் ‘மிஸஸ் சேஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1914-இல் ஊசி போட்டுப் பழகக் கையில் ஓர் இடமும் வைத்தார்கள்.

★ அரசர் அனுப்பிய மருத்துவச்சி
அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்பே பிரான்ஸில் இது நடந்திருக்கிறது. மதாம் து குத்ரே என்ற மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் தாய், சேய் பொம்மைகளைத் தைத்துப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். மன்னர் பதினைந்தாம் லூயி 1759-இல் அவருக்கு அதிகாரப் பத்திரம் தந்தார். ஊர் ஊராகப் போய் அவர் பழக்கிய பெண்கள் ஆயிரக்கணக்கில். அந்தப் பொம்மைகளில் ஒன்று ருவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

★ ஆனின் முகம்
சிபிஆர் வகுப்பில் நாம் பார்க்கும் ‘ரெசசி ஆன்’ பொம்மை 1960-இல் வந்தது. நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லார்டல் செய்தது. பாரிஸின் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத இளம்பெண்ணின் முக அச்சைப் பார்த்துத்தான் அந்த முகத்தை வடித்தார்கள்.

★ விமானம் கற்றுத்தந்தது
1977 மார்ச் 27. டெனரிஃப் தீவு ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருக்கும் விமானம் விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் சந்தேகம் கேட்டார்; கேப்டன் பொருட்படுத்தவில்லை. இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு, இளையவர் தயங்காமல் பேசவும் மூத்தவர் காதுகொடுத்துக் கேட்கவும் விமானக் குழுக்களுக்குப் பயிற்சி தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டின் மயக்கவியல் மருத்துவர் டேவிட் காபா அதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். சீனியர் டாக்டரிடம் “சார், ஒரு நிமிஷம், டோஸ் சரியா?” என்று கேட்பதையும் இன்று ஒத்திகையில் பழக்குகிறார்கள்.

★ முதல் வருடத்து நடுக்கம்
கல்லூரியில் படித்ததும் வார்டில் நடப்பதும் வேறுவேறாக இருப்பதைக் கண்டு புது நர்ஸுகள் நிலைகுலைவதை, நர்ஸிங் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-இல் ‘யதார்த்த அதிர்ச்சி’ என்ற பெயரில் ஒரு புத்தகமாகவே எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து பாட்ரிசியா பென்னர், கற்றுக்குட்டியிலிருந்து கைதேர்ந்தவர் வரை ஒரு நர்ஸ் ஐந்து படிகள் ஏறுகிறார் என்றார். புதிதாகப் பட்டம் பெற்றவர் நிற்பது இரண்டாம் படியில். மூன்றாம் படிக்கு ஒரே மாதிரியான வார்டில் 2, 3 ஆண்டுகள் ஆகலாம். பயப்படும் புது நர்ஸிடம் குறை ஒன்றும் இல்லை. அந்தப் படி அப்படி.

★ பாதி நேரம் பொம்மையோடு
அமெரிக்காவில் 10 நர்ஸிங் கல்லூரிகளின் மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு வழக்கம்போல வார்டில் பயின்றது. மற்ற இரண்டில் வார்டு நேரத்தின் 25 சதவீதத்தையும் 50 சதவீதத்தையும் சிமுலேஷனுக்கு, அதாவது இந்த மாதிரி ஒத்திகைக்கு, கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் வரை பின்தொடர்ந்து பார்த்ததில், அறிவிலும் திறமையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2014-இல் வெளியான முடிவு இது. ஒரு நிபந்தனை உண்டு: பயிற்றுநரும் ஒத்திகையும் தரமாக இருக்க வேண்டும்.

★ தைரியம் வரும் வழி
தன்னால் முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா (1977): தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. நான்கில் முதலாவதற்கே வலிமை அதிகம். “உன்னால முடியும்மா” என்று நூறு முறை சொல்வதைவிட, ஒரு முறை அம்பு பேக்கை (செயற்கை மூச்சு தரும் பை) கையில் கொடுப்பது மேல்.

★ செய்வது கொஞ்சம், பேசுவது அதிகம்
பத்து நிமிட ஒத்திகைக்குப் பின் இருபது நிமிடம் உட்கார்ந்து பேசுவது சிமுலேஷன் உலகில் சகஜம். இதற்கு ‘டிப்ரீஃபிங்’ என்று பெயர். “ஏன் தப்பு செய்தாய்?” என்று யாரும் கேட்க மாட்டார்கள், “அந்த நேரத்தில் என்ன நினைத்தாய்?” என்றுதான் கேட்பார்கள். கற்றல் பெரும்பாலும் நடப்பது இங்கேதான்.

★ பத்து நொடி பின்னால் போ
ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் எலிசபெத் ஹன்ட் குழுவினர் வேறொரு முறையைக் கொண்டுவந்தார்கள். தப்பு நேர்ந்த கணத்தில் பயிற்றுநர் ஒத்திகையை நிறுத்துவார். சரியான முறையைச் சொல்வார். பத்து நொடி பின்னால் போய் மறுபடி செய்யச் சொல்வார். கை சரியாக வரும்வரை இதே கதைதான்.

★ திருப்பிச் சொல்
“சிஸ்டர், அட்ரினலின் 1 மில்லிகிராம் ஐவி.”
“அட்ரினலின் 1 மில்லிகிராம் ஐவி, சரி டாக்டர்.” ஊசி போட்டதும், “கொடுத்தாச்சு டாக்டர்.”
கேட்டதைத் திருப்பிச் சொல்லி, முடித்ததையும் உரக்கச் சொல்வது விதி. பத்துப் பேர் சூழ்ந்து நிற்கும் பரபரப்பில் மருந்து இரண்டு முறை போவதையும், போகாமலே விடுபடுவதையும் தடுப்பது இந்தச் சின்னப் பழக்கம்தான்.

★ நீர்மூழ்கியிலிருந்து ஒரு போன்
இரவு இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பி எப்படிப் பேசுவது? நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என்ன வேண்டும் என்ற நான்கே படிகள். ‘எஸ்பார்’ எனப்படும் இந்த முறை அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்தது. புது நர்ஸுகளுக்கு இதைப் போன் பேசவைத்தே பழக்குகிறார்கள்.

★ தண்ணீர்க் குழந்தை
‘நியோநேட்டலி’ என்ற பச்சிளம் குழந்தைப் பொம்மைக்குள் தண்ணீர் நிரப்பினால் நிஜக் குழந்தையின் கனம் வந்துவிடும். பிறந்தும் மூச்சு வராத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் செயற்கை மூச்சு தொடங்கப் பழகுவதற்காக, வசதி குறைந்த நாடுகளை மனதில் வைத்துச் செய்தது.

★ கை சொல்லும் உண்மை
பெரியவர்களுக்கு நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். தேர்வில் எழுதிவிடலாம். சென்சார் வைத்த பொம்மையில் அழுத்தும்போதுதான், நம் கை எவ்வளவு மேலோட்டமாக அழுத்துகிறது, எத்தனை சீக்கிரம் சோர்கிறது என்பது தெரியும்.

★ வார்டிலேயே ஒத்திகை
சில மருத்துவமனைகளில் பொம்மையை வார்டுக் கட்டிலிலேயே படுக்கவைத்து, சொல்லாமல் கொள்ளாமல் ‘கோட் ப்ளூ’ (இதயம் நின்றுவிட்டது என்ற அவசர அழைப்பு) அறிவிப்பார்கள். அப்போது நர்ஸின் திறமையோடு வார்டின் லட்சணமும் வெளியே வரும்: அவசர டிராலி பூட்டியிருக்கும், ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருக்கும், லாரிங்கோஸ்கோப்பில் பேட்டரி இருக்காது.

★ தைரியம் மட்டும் போதாது
மருத்துவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்ட ஆய்வுகளை 2006-இல் தொகுத்துப் பார்த்தார்கள். சுயமதிப்பீட்டைப் புற அளவீட்டோடு ஒப்பிட்ட 20 இடங்களில், 13-இல் இரண்டும் பொருந்தவில்லை. நர்ஸுகளுக்கும் இது எச்சரிக்கை. “இப்போ தைரியமா இருக்கு” என்று படிவத்தில் டிக் அடிப்பதோடு பயிற்சி முடியக்கூடாது. கையையும் சோதிக்க வேண்டும்.

★ மறந்துபோகும் கை
சிபிஆர் சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும். ஆனால் கற்ற திறமை சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சில நிமிடப் பயிற்சி என்ற திட்டங்கள் வந்திருக்கின்றன.

★ நம் பாடத்திட்டத்தில்
இந்திய நர்ஸிங் கவுன்சிலின் 2021 பி.எஸ்சி. நர்ஸிங் பாடத்திட்டத்தில் ஸ்கில் லேப், சிமுலேஷன் லேப் பயிற்சிக்குத் தனியாகவே கிரெடிட் உண்டு. ஒரு செமஸ்டரில் லேபுக்கு வாரம் 2 மணி நேரம் என்றால் 1 கிரெடிட். வார்டிலோ 4 மணி நேரத்துக்குத்தான் 1 கிரெடிட்.

ஆகவே, மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: விலை உயர்ந்த பொம்மையைக் கண்ணாடி அறையில் பூட்டி வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். புது நர்ஸுகளே, நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள்: “அடுத்த ஒத்திகை எப்போ சிஸ்டர்?”