குரைப்புக்குக் கூலி தருவது யார்?

வீட்டு நாய்க்குப் பயிற்சி என்பது, ஒருவர் பிஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘சிட்’ என்று சொல்லும் பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடுவதன்று. எதைச் செய்தால் என்ன கிடைக்கிறது என்பதை விழித்திருக்கும் நேரமெல்லாம் அது கற்றுக்கொண்டே இருக்கிறது. அந்தப் பாடத்தின் பெரும்பகுதியை வீட்டார் தாம் அறியாமலேயே நடத்துகிறார்கள். கூரியர் கொண்டுவருபவரைக் கண்டு கேட்டருகே குரைக்கும் நாயை எடுத்துக்கொண்டால், அது குரைக்கிறது, அவரும் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். வேலை முடிந்ததால் அவர் போனார் என்பது நாய்க்குத் தெரியாது. தான் குரைத்ததால் அந்நியர் விலகினார் என்பதே அது கண்டறிந்த உண்மை. நாளுக்கு நான்கைந்து முறை இந்த வெற்றியைச் சுவைக்கும் நாயை ‘சும்மா இரு’ என்று அதட்டி அடக்க முயல்வதால் பயன் அதிகம் விளைவதில்லை. உள்ளிருந்து எழும் அந்த உரத்த குரலைத் தனக்குத் துணைக்குரலாக அது எடுத்துக்கொள்ளவும் கூடும்.

வெகுமதி வழிப் பயிற்சி இந்தக் கணக்கைத்தான் மாற்றி எழுத முனைகிறது. விரும்பத்தக்க செயல் நிகழும் கணத்தைக் கவனித்து, நாய் விரும்பும் ஒன்றை உடனே அளித்து, அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டுவது அதன் ஒரு பாதி. இதை உளவியலார் நேர்மறை வலுவூட்டல் என்பர். தொல்லை தரும் செயலுக்கு இதுவரை கிடைத்துவந்த கூலியை நிறுத்துவதும், அச்செயலுக்கான வாய்ப்பே எழாதபடி வீட்டின் அமைப்பை மாற்றுவதும் மறுபாதி. மேற்சொன்ன நாய்க்கு, தெருவைப் பார்க்க முடியாதபடி கேட்டின் கீழ்ப்பகுதியை ஒரு தகட்டால் மறைத்துவிடுவது பல நாள் பயிற்சியை மிச்சப்படுத்தும். பயிற்சி நூல்களில் இத்தகைய எளிய ஏற்பாடுகளுக்கு உரிய மதிப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இம்முறையின் வேர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் பூனைகளையும் நாய்களையும் தாழ்ப்பாள் கொண்ட கூண்டுகளில் அடைத்து, அவை வெளியேறக் கற்கும் விதத்தை ஆராய்ந்து 1898-இல் வெளியிட்டார். நிறைவு தரும் விளைவைத் தொடர்ந்து வரும் செயல் நிலைபெறும் என்னும் அவரது விளைவு விதி அதிலிருந்து உருவானது. அதை விரிவுபடுத்திய பி. எஃப். ஸ்கின்னர், 1951-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் பொதுவாசகர்களுக்காக எழுதிய கட்டுரையில், உணவையும் ‘கிளிக்’ என ஒலிக்கும் சிறிய விளையாட்டுப் பொருளையும் கொண்டு நாயைப் பழக்கும் விதத்தை விளக்கினார். அவரிடம் பயின்ற கெல்லர் பிரிலேண்டும் மரியன் பிரிலேண்டும் 1940-களிலேயே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாக்கிக்கொண்டவர்கள். ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையரின் நூல் 1984-இல் வெளிவந்த பிறகு, கிளிக்கர் எனப்படும் அந்த ஒலிக்கருவி நாய் வளர்ப்போரிடையே பரவத் தொடங்கியது. சரியான செயல் நிகழ்ந்த நொடியை ஒலியால் குறித்துவிட்டால், உணவு வாய்க்குப் போய்ச் சேர ஓரிரு நொடி தாமதித்தாலும் எதற்காக அது கிடைத்தது என்பதில் நாய்க்குக் குழப்பம் இராது என்பதே அக்கருவியின் பயன். கிளிக்கர் இல்லாதவர்கள் ‘சபாஷ்’ போன்ற ஒரே சொல்லை எப்போதும் ஒரே தொனியில் சொல்லி அந்த வேலையை முடித்துக்கொள்ளலாம்.

பயிற்சியை வீட்டிலேயே நடத்தவேண்டும் என்று வலியுறுத்துவதற்கும் காரணம் உண்டு. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்குப் பொருத்திக்கொள்வதில் நாய்கள் தேர்ந்தவை அல்ல. மைதானத்தில் பயிற்சியாளரின் சொல்லுக்குக் கச்சிதமாக உட்காரும் நாய், தன் வீட்டு வரவேற்பறையில் அதே சொல்லைப் புதிதாகக் கேட்பதுபோல் நிற்கும். அழைப்பு மணி, மாடிப்படி, லிஃப்ட், சமையலறை வாசல், சாப்பாட்டு மேசை ஆகியவையே தொல்லையைத் தூண்டுபவை என்னும்போது, அவை இல்லாத இடத்தில் கற்பித்த பாடம் பாதிப் பாடமே. நாயைச் சில வாரங்கள் பயிற்சி நிலையத்தில் விட்டுத் திரும்ப அழைத்துவரும் ஏற்பாட்டின் பெருங்குறையும் இதுதான்: நாய் மாறி வந்தாலும் வீடு மாறியிருப்பதில்லை. வீட்டுக்கு வரும் நல்ல பயிற்சியாளர் நாயைப் பார்ப்பதைவிட வீட்டாரைப் பார்ப்பதில் கூடுதல் நேரம் செலவிடுவார். அப்பா ‘டவுன்’ என்றும் பாட்டி ‘இறங்கு’ என்றும் பிள்ளைகள் ‘நோ’ என்றும் ஒரே செயலைப் பற்றிக் கத்தும் வீட்டில், நாய்க்குக் கீழ்ப்படிய விருப்பம் இருந்தாலும் வழி இருப்பதில்லை.

விருந்தினர்மேல் தாவும் பழக்கத்தைச் சற்று விரிவாக நோக்குவது இம்முறையின் போக்கை விளக்கும். நாய் தாவுவது மனித முகத்தை எட்டுவதற்காக. தள்ளிவிடும் கை, பதறும் குரல், நேருக்கு நேரான பார்வை ஆகிய எல்லாமே அது நாடிய கவனத்தின் வடிவங்கள் என்பதால், தண்டிப்பதாக எண்ணிக்கொண்டு வீட்டார் கூலியைக் கொடுத்துவிடுகிறார்கள். எனவே, தாவும்போது உடலைத் திருப்பிக்கொண்டு அமைதியாக நிற்பதும், நான்கு கால்களும் தரையில் படும் நொடியில் பாராட்டி உணவு தருவதும் முதல் வேலை. அடுத்து, வாசலுக்குச் சில அடி தள்ளி ஒரு பாயையோ மடித்த போர்வையையோ விரித்து, அதில் போய் நிற்பதற்கும், பிறகு உட்காருவதற்கும், பிறகு உட்கார்ந்தபடி காத்திருப்பதற்கும் படிப்படியாக வெகுமதி அளிக்கவேண்டும். மணியொலியைத் தனியே கைபேசியில் பதிந்து, மெல்லிய ஒலியில் ஒலிக்கச்செய்து, ஒவ்வொரு ஒலிக்கும் பின் பாயில் உணவு விழுமாறு பழக்கினால், மணி என்பது வாசலுக்கு ஓடுவதற்கான அழைப்பாக இல்லாமல் பாயை நாடுவதற்கான அழைப்பாக மாறத் தொடங்கும். அதன்பின் கதவைச் சிறிதளவு திறந்து மூடுவது, வீட்டாரில் ஒருவரே விருந்தினராக வந்து நிற்பது, பழகிய அயலார் வருவது என்று கடினம் கூட்டப்படும். உண்மை விருந்தினர் கடைசியில்தான் வரவேண்டும். இடைக்காலத்தில் யாராவது வந்துவிட்டால் நாயை வேறு அறையில் விடுவதிலோ, கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டிப் பிடித்துக்கொள்வதிலோ தவறில்லை. பழைய பழக்கம் மறுபடி வெற்றிபெற விடாமல் காப்பதும் பயிற்சியின் பகுதியே.

இங்கு வீட்டாரைத் தோல்வியடையச் செய்வது பெரும்பாலும் ஒரே இடம்தான். கூலி நின்றதும் நாய் உடனே விட்டுவிடுவதில்லை. முன்னிலும் உயரமாகத் தாவும், முன்னிலும் உரக்கக் குரைக்கும். பழக்கம் அணைவதற்கு முன் ஒருமுறை ஓங்கி எரிவது கற்றல் உளவியலில் நன்கு அறியப்பட்ட நிகழ்வு. அந்தக் கட்டத்தில் பொறுமையிழந்து இணங்கிவிட்டால், இன்னும் கடுமையாக முயன்றால் கிடைக்கும் என்ற பாடம் பதிந்துவிடும். சாப்பாட்டு மேசையருகே இரந்து நிற்கும் நாய்க்கு, ஒன்பது பேர் மறுத்தும் தாத்தா மட்டும் தோசையின் ஓரத்தை அவ்வப்போது கீழே போடுவது இதே வகை. எப்போதாவது கிடைக்கும் வெகுமதியே எப்போதும் கிடைப்பதைவிட ஒரு பழக்கத்தை நீடிக்கச் செய்கிறது. தாத்தாவைத் திருத்துவது நாயைத் திருத்துவதைவிடக் கடினம் என்பதால், தோசைத் துண்டை உணவு முடிந்தபின் நாயின் தட்டில் அவரே வைக்கட்டும் என்று விட்டுவிடுவது விவேகம்.

வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் குட்டியின் செய்தி எளிது. தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் வெளியே அழைத்துப்போய், உரிய இடத்தில் கழித்த உடனே அங்கேயே வெகுமதி தரவேண்டும். வீட்டுக்குள் திரும்பியபின் தருவது திரும்பி வந்ததற்கான வெகுமதியாகிவிடும். கறைபட்ட இடத்தைப் பினாயிலால் துடைத்தால் மனித மூக்குக்கு மட்டுமே மணம் மறைகிறது. சிறுநீரைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம் வேண்டும். நேரம் கடந்து கண்டுபிடித்து அடிப்பது, மனிதர் பார்க்கும்போது கழிக்கக்கூடாது என்பதை மட்டுமே கற்பிக்கும். ‘தப்புச் செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்’ என்னும் வாதத்தை அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு சோதித்துப் பார்த்தது: 14 நாய்களில் அந்தக் குற்றவாளி முகம் தின்பண்டத்தைத் திருடியதோடு தொடர்புடையதாக இல்லை, உரிமையாளர் திட்டியபோதே தோன்றியது, தவறே செய்யாமல் திட்டு வாங்கியபோது இன்னும் கூடுதலாகத் தோன்றியது. அது சினத்தைத் தணிக்க முயலும் முகமே.

அதட்டல் வழிக்கு ஆதரவாகப் பேசுவோர், ஓநாய்க் கூட்டத்தில் தலைமை ஓநாய் அடக்கி ஆள்வதைச் சான்று காட்டுவது வழக்கம். இக்கருத்து ருடால்ஃப் ஷென்கெல் 1947-இல் கூண்டுக்குள் வாழ்ந்த ஓநாய்களைப் பற்றி எழுதியதிலிருந்து பரவியது. டேவிட் மெக்கின் 1970-ஆம் ஆண்டு நூல் அதை மேலும் பரப்பியது. அதே மெக், காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் நேரில் கண்டபின், இயல்பான கூட்டம் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என்றும் தலைமைக்கான சண்டை அதன் இயல்பன்று என்றும் 1999-இல் எழுதினார். ஆசிரியரே கைவிட்ட கொள்கையைப் பயிற்சி மைதானங்கள் இன்னும் பற்றிக்கொண்டிருப்பது வியப்புக்குரியது. போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், கழுத்தை இறுக்குதல், கத்துதல் போன்ற வழிகளை மிகுதியாகக் கையாண்ட பள்ளிகளின் நாய்கள், வெகுமதியைக் கையாண்ட பள்ளிகளின் நாய்களைவிட அழுத்தக் குறிகளை அதிகம் காட்டின. அவற்றின் உமிழ்நீரில் கார்டிசால் என்னும் அழுத்தச் சுரப்பும் பயிற்சிக்குப்பின் கூடுதலாக உயர்ந்திருந்தது. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டைகளை வேல்ஸ் நாடு 2010-இலேயே தடைசெய்தது.

எல்லாத் தொல்லையும் கீழ்ப்படியாமை அல்ல என்பதையும் பிரித்தறிய வேண்டும். தீபாவளி வெடிக்கு நடுங்கும் நாயும், தனியே விடப்பட்டதும் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டும் நாயும் அச்சத்தில் இருப்பவை. அச்சத்துக்கு உணர்ச்சியையே மாற்றும் வழி தேவை. வெடியோசையின் ஒலிப்பதிவை அஞ்சாத அளவுக்கு மெல்ல ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் பிடித்த உணவை அளித்து, பல வாரங்களில் ஒலியைக் கூட்டிச் செல்வதைப் பண்டிகைக்கு வெகுமுன்பே தொடங்கவேண்டும். நடுங்கும் நாயை அணைத்துத் தேற்றினால் அச்சம் வளரும் என்ற பரவலான நம்பிக்கைக்கு அடிப்படையில்லை. தனிமைக்கு அஞ்சும் நாய்க்கு, சில நொடிகள் மட்டும் வெளியே போய்வருவதில் தொடங்கும் பொறுமையான பயிற்சி மாதக்கணக்கில் நீளலாம். கடுமையான நிலையில் கால்நடை மருத்துவரின் மருந்தும் வேண்டியிருக்கும். நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் இன்று சீறினால் பயிற்சியாளருக்கு முன் மருத்துவரையே நாடவேண்டும், ஏனெனில் காதுவலியும் மூட்டுவலியும் குணமாற்றம்போல் தோன்றக்கூடியவை. உணவுத் தட்டருகே உறுமும் நாயை உறுமலுக்காக அடிப்பது ஆபத்தானது. எச்சரிக்கை ஒலியை இழந்த நாய் அடுத்தமுறை எச்சரிக்காமலேயே கடிக்கக்கூடும். தூரத்திலிருந்து அதைவிடச் சுவையான ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டு விலகுவதைப் பலமுறை செய்தால், மனிதர் நெருங்குவது இழப்பன்று என்பது அதற்குப் புரியத் தொடங்கும். குழந்தைகளை இந்தப் பயிற்சியில் ஈடுபடுத்தவே கூடாது.

உணவு கொடுப்பது லஞ்சமாகாதா என்று கேட்போருக்கு விடை வரிசைமுறையில் இருக்கிறது: காட்டி அழைத்தால் லஞ்சம், செய்தபின் கிடைத்தால் கூலி. பழக்கம் ஊன்றியபின் உணவை ஒவ்வொரு முறையும் தரவேண்டியதில்லை; பாராட்டு, பந்து, வெளியே போகும் வாய்ப்பு என்று கூலியின் வடிவம் மாறலாம். வேகவைத்த கோழியோ பனீரோ பட்டாணி அளவுத் துண்டுகளாகப் போதும், அன்றைய உணவில் அந்த அளவு குறைக்கப்படவேண்டும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதால், பாசத்தோடு ஊட்டப்படும், உலர்திராட்சை சேர்ந்த சர்க்கரைப் பொங்கலும் கேசரியும் உள்ளபடியே ஆபத்தானவை.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டவர்கள் பிரிலேண்ட் தம்பதியரே. உண்டியலில் நாணயம் போடப் பழக்கப்பட்ட ராக்கூன் நாணயங்களை விடாமல் ஒன்றோடொன்று தேய்த்ததையும், மரநாணயத்தைச் சுமக்கப் பழகிய பன்றி அதை வழியிலேயே மூக்கால் கிளறியதையும் 1961-இல் பதிவுசெய்து, உயிரினத்தின் பிறவிப் போக்கு கற்பித்ததை மேவிவிடுகிறது என்று அவர்கள் காட்டினர். முயலைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை நாய் பூனையைக் கண்டதும் பாய்வது இந்த வகை. ஓடுவதே அதற்குக் கூலியாக இருக்கும்போது, கையிலுள்ள பிஸ்கெட்டுக்கு மதிப்பில்லை. அத்தகைய நாயைத் திறந்த தெருவில் கயிறின்றி விடாமல், சுற்றுவேலி உள்ள இடத்தில் நீண்ட கயிற்றோடு ஓடவிட்டு, கூப்பிட்டதும் திரும்பினால் துரத்திப் பிடிக்க ஒரு துணிச்சுருளை இழுத்துக்கொண்டு ஓடுவதே அதற்கேற்ற வெகுமதி.