முதுமையை மாத்திரை தள்ளிப்போடுமா?

கேரட், முருங்கைக்கீரை பற்றிப் பாடம் நடத்தும்போது, "அந்தச் சத்தையே மாத்திரையா சாப்பிட்டா வயசே ஆகாதாமே, சார்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விளம்பரங்கள் எழுப்பும் கேள்வி இது. ஆம், இல்லை என்று முடித்துவிடாமல் ஓர் ஆய்வின் கதையைச் சொல்வது என் வழக்கம்.

நம் செல்கள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் பெறும்போது ஃப்ரீ ராடிக்கல் எனும் நிலையற்ற மூலக்கூறுகள் உண்டாகின்றன. இவை விளைவிக்கும் சேதம் சிறுகச் சிறுகச் சேர்வதே முதுமை என்ற கருதுகோளை 1956-இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க அறிவியலாளர் முன்வைத்தார். இச்சேதத்தைத் தடுப்பவை எதிர் ஆக்சிஜனேற்றிகள். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் அவற்றுள் ஒன்று. காய்கனிகளை நிறைய உண்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதும் தெரியவந்தது. அப்படியானால் பீட்டா கரோட்டினை மட்டும் கொடுத்தால் போதாதா?

பின்லாந்தில் 1985-இல் தொடங்கிய ஆய்வில், புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் தரப்பட்டது. 1994-இல் வெளியான முடிவு அதிர்ச்சியளித்தது: அவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற ஆய்வும் இதே காரணத்தால் 1996-இல் பாதியில் நிறுத்தப்பட்டது.

காய்கனிகளில் நார்ச்சத்தும் வேறு பல சேர்மங்களும் உள்ளன. அவற்றை விரும்பி உண்பவர்களின் மற்ற பழக்கங்களும் பெரும்பாலும் நல்லவையாக இருக்கும். ஃப்ரீ ராடிக்கல்களும் முழு எதிரிகள் அல்ல. கிருமிகளைக் கொல்ல நம் வெள்ளையணுக்கள் அவற்றைப் பயன்படுத்துகின்றன.

"கீரை உண்பவர்களுக்கு நோய் குறைவு", "கீரையிலுள்ள ஒரு சத்து நோயைக் குறைக்கும்" என்ற இரு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதி, இரண்டும் ஒன்றா என்று மாணவர்களிடம் கேளுங்கள். பிறகு ஒரு விளம்பரத்தைக் கொடுத்து, யாரிடம் சோதித்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், மாத்திரை பெறாத குழுவோடு ஒப்பிட்டார்களா என்று தேடச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாமல் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரை, இரத்தசோகையைத் தடுப்பதற்கானது. இந்தக் கதையைக் கேட்டு எந்தக் குழந்தையும் அதை வேண்டாமென்று ஒதுக்கிவிடக் கூடாது.