கரிசல் நாட்டுக் கண் மருத்துவர்

கோவில்பட்டியைச் சூழ்ந்த நிலம் கரிசல் நிலம். மழை பெய்தால் கால் புதையும்; வெயில் ஏறினால் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் அங்கு வானத்தை நம்பியே விளைகின்றன. அந்நிலத்தில், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் 1918ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் கோவிந்தப்ப வெங்கடசாமி பிறந்தார்.

அவருடைய சுற்றத்துப் பெண்கள் மூவர் மகப்பேற்றை ஒட்டி உயிர் துறந்தனர். தாய்மாரைக் காக்கும் மருத்துவராக வேண்டும் என்று சிறுவர் உறுதி பூண்டார். சென்னையில் மருத்துவம் பயின்று, 1944இல் பட்டம் பெற்றுப் படையில் மருத்துவராகச் சேர்ந்தார். ஆனால் கொடிய மூட்டுவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப் போயின. எழுதுகோலைப் பிடிப்பதே அரிதாயிற்று. மகப்பேற்று மருத்துவத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவம் கற்றார். கோணிய அவ்விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் நூறாயிரத்திற்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார்.

இத்துடன் முடிந்திருந்தால், அவரைக் கைதேர்ந்த மருத்துவர் என்று கூறி நாம் நின்றுவிடலாம். அவரை வாட்டிய வினா வேறொன்று.

கண்ணினுள் இருக்கும் தெளிந்த வில்லை முதுமையில் மங்குவதே கண்புரை. அதனை அறுவையால் நீக்கலாம். இழந்த பார்வையும் மீளும். எனினும், மருத்துவம் இலவசம் என்று ஊரெங்கும் அறிவித்தும் பார்வையற்றோர் பலர் வீட்டை விட்டு வரவில்லை. ஏன்? இதற்கு விடை மருத்துவ நூலில் இல்லை. மனித மனத்தில் இருந்தது. மனநூலார் ஆராய வேண்டிய அவ்வினாவை இக்கண் மருத்துவர் கையில் எடுத்தார். அவரும் அவர் துணைவரும் சிற்றூர் மக்களிடமே காரணத்தைக் கேட்டறிந்தனர். பேருந்துக்குக் காசில்லை. துணைக்கு மகன் வந்தால் அவனுடைய அன்றாடக் கூலி போய்விடும். கத்தி பட்டால் கண்ணே போய்விடும் என்ற அச்சம் வேறு. வயதானால் பார்வை போவது இயல்புதானே என்று அமைந்துவிட்டவரும் இருந்தனர்.

காரணம் தெரிந்தபின் வழி பிறந்தது. முகாமில் தேர்ந்தவர்களை ஒன்றாகப் பேருந்தில் ஏற்றி, உணவளித்து, அறுவைக்குப் பின் ஒன்றாகவே ஊரில் கொண்டுபோய் விட்டனர். தன் ஊரார் பலர் உடனிருக்க, கிழவியின் அச்சம் பாதியாகக் குறைந்தது. பார்வை பெற்றுத் திரும்பியவர் திண்ணையில் அமர்ந்து சொன்ன சொல், நூறு துண்டறிக்கைகள் செய்யாத வேலையைச் செய்தது. (சிற்றூர் மக்களை எண்ணி நாம் நகைக்க வேண்டா; அண்டை வீட்டார் சொல்லைத்தான் நாமும் நம்புகிறோம்.) முகாமுக்கு இடம் பார்ப்பதும், மக்களைத் திரட்டுவதும் அவ்வவ்வூர்த் தொண்டர்களின் பொறுப்பாயின.

1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை அவர் தொடங்கினார். பொருள் உடையோர் தரும் கட்டணமே இல்லாதோர் மருத்துவத்தையும் தாங்கியது. அவர் செய்த மற்றொரு செயலை நான் இதனினும் பெரிதாக மதிக்கிறேன். பள்ளிப் படிப்பை முடித்த சிற்றூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டுப் பயிற்சி அளித்தார். மதிப்பெண்ணை மட்டும் பாராது, பிறர்க்கு உதவும் மனப்பாங்கையும் அவர்களிடம் நோக்கினர். பார்வையைச் சோதிப்பதும், நோயாளியை அறுவைக்கு ஆயத்தம் செய்வதும், அஞ்சியவரைத் தேற்றுவதும் அப்பெண்களின் பணி. ஒருவருக்கு அறுவை முடியும்போது அடுத்த மேசையில் மற்றொருவர் ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் நேரம் சிறிதும் வீணாகாது. களத்துமேட்டில் தாய்க்குத் துணைநின்ற பெண், சில ஆண்டுகளில் தனக்குப் பின் வந்தோரை நடத்தும் மூத்தவள் ஆனாள்.

பிற நாட்டு மருத்துவமனைகளை நடத்துவோரும் இம்முறையைக் கற்க விரும்பினர். அவர்களுக்கென 1992இல் மதுரையிலேயே ஒரு பயிற்சி நிலையம் எழுந்தது. வெங்கடசாமி 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மறைந்தார். முகாம்களிலிருந்து முதியோரை ஏற்றிய பேருந்துகள் இன்றும் அம்மருத்துவமனை வாயிலில் வந்து நிற்கின்றன. கைப்பிடித்து இறக்கப் பெண்கள் காத்திருக்கின்றனர்.