மீட்டர் போர்டுக்கு முன்னால் மூன்றடி

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மீட்டர் போர்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேறு எதற்கும் உதவாத மூலைதான். மாடிப்படிக்கு அடியில், சாய்ந்து இறங்கும் கான்கிரீட்டின் கீழ், வரிசையாக மீட்டர்களும் மெயின் சுவிட்சுகளும். கீழே பெயின்ட் டப்பா, துடைப்பம், வீட்டைக் காலி செய்தவர்கள் விட்டுப்போன மெத்தை. முன்னால் இரண்டு ஸ்கூட்டர்கள். மெயினை அணைக்க வேண்டுமென்றால் ஸ்கூட்டர் சீட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறு கையை எட்ட வேண்டும். போர்டு என்பது சுவரில் மாட்டிய பெட்டி, அதற்கு ஒரு சுவர் இருந்தால் போதும் என்று கட்டுகிறவரும் நினைக்கிறார், குடியிருப்பவரும் நினைக்கிறார். ஆனால் அதன் முன்னே உள்ள காலி இடமும் போர்டின் ஒரு பாகம். ஃபியூஸுக்கும் எர்த்துக்கும் வேலை இருப்பதைப் போல அந்த வெற்றிடத்துக்கும் வேலை இருக்கிறது.

சட்டத்துக்கு இது பழைய சங்கதி. மின்பலகைக்கு முன்னால் 914.4 மில்லிமீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்றது 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள். மூன்றடியை மெட்ரிக்கில் எழுதியதால் வந்த விசித்திரமான எண் அது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகளில் அது ஒரு மீட்டர் ஆயிற்று. 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கான விதி என்பதால், மூன்று ஃபேஸ் வரும் அடுக்ககப் போர்டுகளும் இதில் அடக்கம். இதைவிடச் சுவையானது பின்பக்கத்துக்கான விதி. பலகையின் பின்னால் திறந்த இணைப்புகள் இருந்தால், அங்குள்ள இடைவெளி 20 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கலாம், 75 சென்டிமீட்டருக்கு மேலும் இருக்கலாம். இடைப்பட்ட அளவுதான் ஆகாது. இருபதுக்குள் ஆள் நுழைய முடியாது. எழுபத்தைந்துக்கு மேல் என்றால் நுழைந்தவர் திரும்பி வெளியே வரலாம். நடுவில் இருப்பது உடம்பைத் திணித்துக்கொண்டு போகலாம், அவசரத்துக்கு வெளியே வர முடியாது என்கிற அளவு. நெருக்கடியான இடத்தில் வேலை செய்யும் வயர்மேனின் முதுகு ஈரச்சுவரில் ஒட்டியிருக்கும். கை தவறி லைனில் பட்டால் மின்சாரம் மார்பு வழியாகவே சுவருக்குப் பாயும். பின்னால் சாயவும் இடமிருக்காது.

“இப்போதெல்லாம் எம்சிபி இருக்கிறதே, கோளாறு என்றால் தானே டிரிப் ஆகிவிடும்” என்பார்கள். ஷார்ட் சர்க்யூட்டுக்கும் ஓவர்லோடுக்கும் அது சரி. போர்டு கருகுவதற்கு முக்கியக் காரணமான லூஸ் கனெக்‌ஷனை எம்சிபி பார்ப்பதே இல்லை. தளர்ந்த டெர்மினலில் 0.05 ஓம் தடை இருந்து, அதில் 20 ஆம்பியர் ஓடினால் அங்கே 20 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு சின்ன சால்டரிங் அயர்னைப் போர்டுக்குள் செருகி வைத்த மாதிரி. ஓடுவது வழக்கமான கரன்ட்தான் என்பதால் எதுவும் டிரிப் ஆகாது. நாற்றத்தை உணர்ந்து ஒருவர் போய் மெயினை அணைத்தால்தான் உண்டு. அவர் போகும் வழியில்தான் ஸ்கூட்டர் நிற்கிறது. காற்றோட்டமில்லாத மூலை இன்னொரு கேடும் செய்கிறது. வீட்டு எம்சிபிக்கான தரநிலை, அதன் டிரிப் அளவை நிர்ணயிப்பது 30 டிகிரி செல்சியஸில். நம் ஊர்க் கோடையில் மூடிய அலமாரிக்குள் வெப்பம் அதையெல்லாம் தாண்டிவிடும், எம்சிபியும் அடிக்கடி விழும். உடனே 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போடச் சொல்வார்கள். அதன்பின் வயர் சூடானாலும் எம்சிபி விழாது.

மாடிப்படியை ஒட்டி வைப்பதில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உபஹார் திரையரங்கின் தரைத்தளத்தில் இருந்த மின்மாற்றியில் பற்றிய தீ, அங்கே நிறுத்தியிருந்த கார்களுக்குப் பரவியது. புகை படிக்கட்டு வழியே மேலேறி அரங்குக்குள் புகுந்தது. 59 பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். மின்மாற்றியில் எண்ணெய் இருக்கிறது, மீட்டர் போர்டில் இல்லையே என்று கேட்கலாம், நியாயம்தான். எண்ணெய்க்குப் பதிலாக இங்கே பெட்ரோல் டேங்க்குகள் நிற்கின்றன. மின்சாரம், வண்டி, படிக்கட்டு மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் என்ற அமைப்பில் மாற்றமில்லை. வெளியேறும் படிக்கட்டில் மின்பலகையும் எரிவாயுக் குழாயும் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வதற்குக் காரணம், தீ விபத்தில் எல்லோரும் ஓடிவரும் வழியே அதுதான் என்பது.

கட்டுகிறவர்கள் சொல்வது மனை விலை. அரை கிரவுண்டில் ஸ்டில்ட் போட்டு எட்டு வீடு கட்டும் ஊரில் போர்டுக்கென்று ஓர் அறைக்கு எங்கே போவது? விதி அறை கேட்கவில்லை. நடந்துபோகும் பாதையே அந்த ஒரு மீட்டராக இருக்கலாம், அங்கே எதையும் நிறுத்தாமல் இருந்தால் சரி. வெள்ளம் வந்தால் தரைத்தளத்துப் போர்டு மூழ்குமே என்பது இதைவிட வலுவான கேள்வி. சென்னையில் 2015-லும் 2023-லும் டிசம்பர் மழையில் அதைப் பார்த்தோம். அதற்கு வழி உயரம். வயரிங்குக்கான ஐ.எஸ். 732 தரநிலை, முன்பக்கம் கதவு போட்டு மூடாத பலகையின் அடிப்பாகம் தரையிலிருந்து 1.25 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது என்கிறது. தாழ்வான தெருக்களில் அதையும் தாண்டி ஏற்றலாம், கை எட்டினால் போதும். வீட்டுக்குள் டிபியை (டிஸ்ட்ரிபியூஷன் போர்டை) ஷூ ரேக்குக்குள்ளும் துணி அலமாரிக்குள்ளும் ஒளித்து வைக்கும் இன்டீரியர் மோகத்துக்கு மட்டும் எந்தச் சமாதானமும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் மின் விதித்தொகுப்பு துணி அலமாரிக்குள் பேனல் வைப்பதையே தடுக்கிறது.

பழைய கட்டடங்களில் மீட்டரை இடம் மாற்ற மின்வாரியத்துக்கு விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டியிருக்கும். தரையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு மீட்டருக்குக் கட்டம் போட, குடியிருப்போர் சங்கத்தின் ஒரு கூட்டம் போதும். சீல் வைத்த மீட்டர்ப் பக்கத்தை வாரிய ஊழியர்தான் தொட வேண்டும். மெயின் சுவிட்சுக்குப் பிந்தைய டெர்மினல்களைக் கோடைக்கு முன்னால் ஒருமுறை, உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து முறுக்கச் சொல்லலாம். அவர் நேராக நின்று, இரண்டு கையாலும் வேலை செய்ய, அந்தக் கட்டத்துக்குள் நிற்கும் வண்டியை முதலில் எடுத்தாக வேண்டும்.