கொத்தனார் வளர்த்த கிரிக்கெட்

இங்கிலாந்தில் கிரிக்கெட்டை வளர்த்த பெருமையைப் பிரபுக்களுக்கும் லார்ட்ஸ் மைதானத்துக் கனவான்களுக்கும் கொடுப்பதே வழக்கம். அந்தப் பெருமையில் பெரும்பங்கு நாட்டிங்ஹாம் நகரத்து வில்லியம் கிளார்க்குக்குச் சேர வேண்டும். 1798-ல் பிறந்து கொத்தனாராக வேலை பார்த்து, பிறகு விடுதி நடத்தியவர். ஒரு கண்ணில் பார்வை போனவர். தோள் உயரத்துக்குக் கையைக் கொண்டுபோய் வீசும் முறை 1835-லேயே சட்டமாகிவிட்ட பிறகும், இடுப்பருகிலிருந்து கீழ்க்கையால் மெதுவாகச் சுழற்றிவிடுவதைக் கடைசிவரை அவர் விடவில்லை. 1837-ல் டிரென்ட் பாலத்தருகே விடுதி நடத்திய விதவையை மணந்தார். மறு ஆண்டே விடுதியை ஒட்டிய நிலத்தை மைதானமாக்கி, பார்க்க வருபவர்களிடம் கட்டணம் வாங்கினார். பொதுவெளியில் இலவசமாக ஆட்டம் பார்த்துப் பழகிய ஊர் முணுமுணுத்தது. ஆனால் அந்த வியாபாரக் கணக்கில் உருவானதுதான் இன்றைய டிரென்ட் பிரிட்ஜ் மைதானம்.

1846-ல் அவர் தொடங்கிய ஆல் இங்கிலாந்து லெவன் என்ற அணி இதைவிடப் பெரிய காரியம். ஆல்ஃபிரட் மின், ஃபுல்லர் பில்ச் போன்ற நட்சத்திரங்களைச் சேர்த்துக்கொண்டு, பரவிவந்த ரயில் பாதைகளின் துணையோடு ஊர் ஊராகப் போனார். முதல் ஆட்டம் ஷெஃபீல்டில். எதிரணியில் இருபது பேர். பதினொரு பேர் இப்படி இருபது, இருபத்திரண்டு பேரை எதிர்த்து ஆடுவது கிரிக்கெட்டா, வேடிக்கையா என்று கேட்கலாம். 1853-ல் எல்லா ஆட்டங்களிலுமாக கிளார்க் எடுத்த 476 விக்கெட்டுகளை அப்படியே ஒப்பிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணிக்கைச் சலுகை இல்லாவிட்டால், சிற்றூர் ஆட்டக்காரர் தேர்ந்த பந்துவீச்சை எப்படிச் சந்தித்திருப்பார்? 1854-ல் இந்த அணி பிரிஸ்டலில் ஆடியபோது பார்த்த சிறுவர்களில், பின்னாளில் பெரும் ஆட்டக்காரரான டபிள்யூ. ஜி. கிரேஸும் ஒருவர்.

கிளார்க் கஞ்சர் என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. வசூலில் பெரும்பகுதியைத் தானே வைத்துக்கொண்டு, ஆட்டக்காரர்களுக்கு ஒரு ஆட்டத்துக்கு நான்கிலிருந்து ஆறு பவுண்டுதான் கொடுத்தார். அது அநியாயம்; கோபித்துக்கொண்டு பிரிந்தவர்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் 1852-ல் ஜான் விஸ்டனும் ஜெமி டீனும் பிரிந்துபோய்த் தொடங்கிய அணியும் கிளார்க் போட்ட அதே பாதையில்தான் ஊர் ஊராகச் சுற்றியது. பங்கீட்டில்தான் சண்டை, தொழில்முறை கிரிக்கெட் பிழைக்கும் என்பதை அவர் நிரூபித்துவிட்டதில் இரு தரப்புக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கிளார்க் 1856-ல் இறந்தார். 1859-ல் இங்கிலாந்திலிருந்து முதன்முதலாகக் கடல் கடந்து வட அமெரிக்காவுக்குப் போன அணியில் பன்னிரண்டு பேர்: கிளார்க்கின் அணியிலிருந்து ஆறு பேர், பிரிந்துபோன அணியிலிருந்து ஆறு பேர்.