உங்களுக்குத் தெரியுமா? நீச்சல் தெரியாதவர் மீட்ட 32 உயிர்கள்

அமெரிக்காவின் தென்பகுதி நகரமான மெம்பிஸில், மிசிசிப்பி ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றுக்கு டாம் லீ என்ற கறுப்பினத் தொழிலாளியின் பெயர். 1925 மே 8 அன்று, பொறியாளர்களும் அவர்கள் குடும்பத்தினரும் சென்ற நீராவிக் கப்பல் ஆற்றில் கவிழ்ந்தது. சிறு படகில் அவ்வழியே வந்த லீ, தத்தளித்தவர்களில் 32 பேரைத் தூக்கிக் கரைசேர்த்தார். அவருக்கு நீச்சலே தெரியாது!

ஊர் கொண்டாடியது, நன்கொடையில் வீடு கிடைத்தது. நகராட்சி கொடுத்த வேலை? குப்பை அள்ளும் துறையில்! 1954-இல் எழுப்பிய நினைவுத்தூணிலும் 'மிகத் தகுதியுள்ள நீக்ரோ' என்றுதான் பொறித்தார்கள். பாராட்டிலும் ஒரு படி கீழேயே நிறுத்தும் அந்தக் காலத்துப் புத்தி! 2006-இல்தான், படகிலிருந்து குனிந்து ஒருவருக்குக் கைநீட்டும் அவருடைய வெண்கலச் சிலை வந்தது.

அதே துப்புரவுத் துறையில், 1968 பிப்ரவரியில் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இருவர் இறந்தனர். சுமார் 1,300 தொழிலாளர்கள் 'நான் மனிதன்' என்ற பதாகை ஏந்தி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 அன்று லொரெய்ன் விடுதி மாடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த விடுதிதான் 1991 முதல் தேசியக் குடிமை உரிமைகள் அருங்காட்சியகம். பூங்காவிலிருந்து நடந்தே போகலாம். கிங் தங்கிய 306-ஆம் எண் அறையை இன்றும் அன்றிருந்தபடியே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.