குழந்தைகளுக்கான பூஸ்டர் இருக்கை

பூஸ்டர் இருக்கை என்பது காரில் சிறுவரைச் சில அங்குலம் உயர்த்தி அமரச் செய்து, பெரியவர்களுக்காக அமைக்கப்பட்ட சீட் பெல்ட் அவருடைய உடலில் சரியான இடங்களில் படியுமாறு செய்யும் துணைச் சாதனம் ஆகும். குழந்தைகளுக்கான காப்பு இருக்கைகளின் வரிசையில் இது மூன்றாவது நிலை. பின்நோக்கிய இருக்கை, தனிப் பட்டைகள் கொண்ட முன்நோக்கிய இருக்கை ஆகிய இரண்டையும் கடந்த குழந்தை, சீட் பெல்ட் மட்டுமே போதும் என்ற உயரத்தை எட்டும் வரை இதில் அமர்கிறது. தமிழ்நாட்டில் பூஸ்டர் என்றதும் தடுப்பூசியின் கூடுதல் தவணையே பலருக்கு நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. உணவகங்களில் மேசை எட்டாத பிள்ளைக்குத் தரும் உயர இருக்கையும் வேறு. அதைக் காரில் பயன்படுத்தக் கூடாது.

குழந்தையை எப்போது பூஸ்டருக்கு மாற்றலாம் என்ற கேள்விக்கு, நான்கு வயது நிறைந்ததும் மாற்றலாம் என்ற விடை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது பாதி விடைதான். வயது, எடை, உயரம் ஆகியவற்றோடு குழந்தையின் நடத்தையையும் சேர்த்துப் பார்த்தே இதை முடிவு செய்ய வேண்டியுள்ளது.

தோற்றம்

இன்று எல்லாக் கார்களிலும் காணப்படும் மூன்றுமுனை சீட் பெல்ட்டை 1959ஆம் ஆண்டில் சுவீடனின் வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். மார்பின் குறுக்கே ஒரு பட்டை, இடுப்பின் குறுக்கே ஒரு பட்டை என்ற இந்த அமைப்பு வளர்ந்த மனிதரின் உடலை அளவாகக் கொண்டது. அதே பெல்ட்டைச் சிறுவருக்குப் போட்டால் மேல்பட்டை கழுத்தை உரசும், கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறும். பெல்ட்டைக் குழந்தைக்கு ஏற்பச் சுருக்குவதை விடக் குழந்தையைப் பெல்ட்டுக்கு ஏற்ப உயர்த்துவது எளிது என்ற எண்ணத்தில் பிறந்ததே பூஸ்டர். 1970களின் பிற்பகுதியில் வோல்வோ பூஸ்டர் மெத்தையை அறிமுகம் செய்தது. 1990இல் கார் இருக்கையுடனேயே இணைந்த பூஸ்டரையும் கொண்டுவந்தது.

செயல்படும் விதம்

ஒரு கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அது நொடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர். மோதலில் உள்ளிருப்பவரின் உடல் 0.1 நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், வேகக் குறைவு நொடிக்கு நொடி 139 மீட்டர். 18 கிலோ எடையுள்ள குழந்தையை நிறுத்த 18 × 139, அதாவது சுமார் 2,500 நியூட்டன் விசை தேவை. இது ஏறத்தாழ 250 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். பத்தாம் வகுப்பு இயற்பியல் படித்தவர் எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. குழந்தையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைப்பது ஏன் தவறு என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

இவ்வளவு விசையும் உடலின் எந்தப் பகுதியில் இறங்குகிறது என்பது முக்கியம். பெரியவரின் இடுப்பெலும்பில் முன்புறம் துருத்திய முனைகள் உண்டு. கீழ்ப்பட்டை அவற்றில் மாட்டி நிற்கும். சிறுவர்களுக்கு இம்முனைகள் முழுமையாக வளர ஏறத்தாழ பத்து வயதாகிறது. அதற்கு முன் பட்டை எலும்பில் நிற்காமல் மேலே வழுக்கி மென்மையான வயிற்றுக்குள் அழுந்துகிறது. அப்போது குடல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவை நசுங்கலாம். பட்டையை அச்சாகக் கொண்டு உடல் மடிவதால் முதுகெலும்பு முறியலாம். இத்தகைய காயத் தொகுதிக்கு 1962 முதல் மருத்துவ நூல்களில் சீட் பெல்ட் நோய்க்குறி என்ற பெயர் வழங்குகிறது. பூஸ்டரில் அமரும்போது கீழ்ப்பட்டை வரும் கோணம் செங்குத்தாகி, வயிற்றை விட்டு இறங்கித் தொடையின் மேற்பகுதியை அணைத்துப் படிகிறது. மேல்பட்டை கழுத்தை விட்டு விலகித் தோளின் நடுவே செல்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூஸ்டர் தானாகக் குழந்தையைப் பிடித்து வைப்பதில்லை. பிடிப்பது பெல்ட் மட்டுமே. முன்நோக்கிய இருக்கையில் உள்ள ஐந்துமுனைப் பட்டையோ இரண்டு தோள்கள், இரண்டு இடுப்புகள், கால்களுக்கு இடைப்பட்ட பகுதி என ஐந்து இடங்களில் விசையைப் பகிர்ந்து, குழந்தை நெளிந்தாலும் தூங்கினாலும் அதே இடத்தில் இருத்துகிறது. ஆகவே ஐந்துமுனைப் பட்டையிலிருந்து பூஸ்டருக்கு மாறுவது பாதுகாப்பில் ஒரு படி இறங்குவதே ஆகும். அடுத்த வகுப்புக்குத் தேர்ச்சி பெறுவது போல இதைக் கருதிப் பெற்றோர் அவசரப்படுவதுண்டு. அண்ணன் உட்காரும் இருக்கை தனக்கும் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிப்பதும் உண்டு. இரண்டுமே மாற்றத்துக்குக் காரணமாகா.

குழந்தை தயாரா என அறிதல்

முதலில் பார்க்க வேண்டியது, இப்போதைய இருக்கை போதாமல் ஆகிவிட்டதா என்பது. ஐந்துமுனைப் பட்டைக்குத் தயாரிப்பாளர் குறித்த எடை வரம்பைக் குழந்தை தாண்டியிருக்க வேண்டும், அல்லது தோள்கள் பட்டை வெளிவரும் மேல் துளைக்கு மேலே சென்றிருக்க வேண்டும், அல்லது காதின் மேல்நுனி இருக்கை ஓட்டின் உச்சியை எட்டியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட நிகழவில்லை என்றால் மாற்ற வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2018 பரிந்துரையும் இதுவே: ஒவ்வொரு நிலையிலும் அந்த இருக்கையின் வரம்பு முடியும் வரை இருக்க வேண்டும், பிறகே அடுத்தது. கால்கள் மடங்கி முன் இருக்கையில் இடிப்பதைப் பார்த்துப் பலர் இருக்கை சிறிதாகிவிட்டது என்று எண்ணுகின்றனர். கால் இடிப்பது ஓர் அளவுகோல் அன்று.

அடுத்தது எடை. பூஸ்டருக்குக் குறைந்தது 18 கிலோ இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஐரோப்பாவின் பழைய தரவிதியில் 15 கிலோ முதல் பூஸ்டர் அனுமதிக்கப்பட்டதால், விற்பனையிலுள்ள சில பொருட்களில் இந்த எண்ணும் காணப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நான்கு வயதுக் குழந்தையின் நடு எடை சிறுவருக்கு 16.3 கிலோ, சிறுமியருக்கு 16.1 கிலோ. ஐந்து வயதில்தான் அது 18 கிலோவைத் தாண்டுகிறது. ஆகவே நான்காம் பிறந்தநாளில் பூஸ்டர் வாங்கும் வீடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் அதற்குரிய எடையை இன்னும் எட்டியிருக்கமாட்டார்கள். இந்தியப் பிள்ளைகளில் பலர் இந்த அட்டவணையின் நடு எடைக்குக் கீழேயே இருப்பதால் இங்கே இது மேலும் பொருந்தும்.

மூன்றாவது நடத்தை. எந்தத் தராசும் காட்டாத அளவு இது என்பதால் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. பூஸ்டரில் உள்ள குழந்தை பயணம் முழுவதும் முதுகைச் சாய்த்து நேராக அமர வேண்டும். கீழே விழுந்த பொம்மையை எடுக்கக் குனிவது, தம்பியைத் தொட ஒருபக்கம் சாய்வது, உறுத்துகிறது என்று மேல்பட்டையைக் கக்கத்துக்குக் கீழே தள்ளிக்கொள்வது, விளையாட்டாகக் கொக்கியை அவிழ்ப்பது ஆகியவற்றில் எது நடந்தாலும் அந்த நொடியில் பாதுகாப்பு இல்லை. மேல்பட்டை கக்கத்துக்குக் கீழே இருக்கும்போது மோதல் நேர்ந்தால் விசை முழுவதும் விலா எலும்புகளில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டால் மேலுடலைப் பிடிக்க எதுவுமே இல்லை. நான்கு வயதுப் பிள்ளை அரை மணி நேரம் அசையாமல் இருப்பது அரிது. பாலர் வகுப்பு நடத்திய ஆசிரியர் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஐந்து, ஆறு வயதில் சொல்வதைக் கேட்டு அமரும் பக்குவம் மெல்ல வருகிறது. அதிலும் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு உண்டு. ஒரே வீட்டில் ஐந்து வயதுத் தங்கை தயாராகவும் ஆறு வயது அண்ணன் தயாராகாமலும் இருக்கலாம்.

ஐயம் இருந்தால் பகல் நேரக் குறும்பயணங்களில் மட்டும் பூஸ்டரைப் பயன்படுத்திப் பார்த்து, இரவுப் பயணத்துக்கும் நெடுந்தொலைவுக்கும் பழைய இருக்கையையே வைத்துக்கொள்ளலாம். பழைய இருக்கையின் வரம்பு இன்னும் முடியாதிருந்தால்தான் இது இயலும். சென்னையிலிருந்து மதுரை செல்லும் வழியில் திண்டிவனம் தாண்டுவதற்குள் தூங்கிவிடும் பிள்ளை, தூக்கத்தில் ஒருபக்கம் சரிந்து பெல்ட்டிலிருந்து நழுவினால், அது இன்னும் பூஸ்டருக்குத் தயாராகவில்லை என்று கொள்ளலாம்.

வகைகள்

முதுகுச் சாய்வு உள்ளது, இல்லாதது என இரு வகை உண்டு. முதல் வகையில் தலைக்கு இருபுறமும் தாங்கல் இருக்கும். மேல்பட்டையைத் தோளுக்கு நேராகச் செலுத்தும் வளையமும் இருக்கும். புதிதாக பூஸ்டருக்கு மாறும் குழந்தைக்கு இதுவே ஏற்றது. முதுகில்லாத மெத்தை வகை மலிவானது, எடுத்துச் செல்ல எளிது. ஆனால் கார் இருக்கையின் தலைத்தாங்கி குழந்தையின் காதுக்கு மேல் வரை இருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம். ஐரோப்பியத் தரவிதிகளின்படி 2017 முதல் புதிதாக அனுமதி பெறும் முதுகில்லா பூஸ்டர்கள் 125 சென்டிமீட்டருக்கு மேல் உயரமும் 22 கிலோவுக்கு மேல் எடையும் உள்ளவர்களுக்கு மட்டுமே.

இரு வகையையும் மூன்றுமுனை பெல்ட்டுடன் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பழைய கார்களில் பின் இருக்கையின் நடுவில் இடுப்புப் பட்டை மட்டும் இருக்கும். அங்கே பூஸ்டரை வைக்கக் கூடாது; உயர்ந்து அமர்ந்த உடலின் மேற்பகுதி தடையின்றி முன்னே வீசப்படும். சில பூஸ்டர்களில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருப்பதைப் பார்த்துக் கூடுதல் பிடிப்பு என்று நினைக்கலாம். அவை பூஸ்டரைத்தான் நகராமல் வைக்கின்றன. கொக்கி இல்லாத பூஸ்டரைக் குழந்தை இல்லாதபோதும் பெல்ட் போட்டு வைக்க வேண்டும். இல்லையேல் திடீர் நிறுத்தத்தில் அது பறந்து வந்து தாக்கும்.

இந்தியக் கடைகளில் ஐந்துமுனைப் பட்டையும் பூஸ்டரும் ஒன்றாய் இணைந்த இருக்கைகள் அதிகம். இவற்றில் பெரும்பாலானவற்றில் 18 கிலோ வரை ஐந்துமுனைப் பட்டை. அதன் பின் பட்டையைக் கழற்றிவிட்டு 36 கிலோ வரை பூஸ்டராகப் பயன்படுத்தலாம். 18 கிலோவைத் தாண்டிய பிறகும் பழைய பட்டையையே போட்டுவருவதும், 15 கிலோவிலேயே கழற்றிவிடுவதும் இவ்வகை இருக்கைகளில் சாதாரணமாக நடக்கும் பிழைகள்.

பூஸ்டர் தேவைப்படாத நிலை

பிள்ளை சுமார் 145 சென்டிமீட்டர் உயரத்தை எட்டும் வரை, பொதுவாக 8 முதல் 12 வயதுக்குள், பூஸ்டர் தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவன அட்டவணையில் நடு உயரம் 145 சென்டிமீட்டரைத் தொடுவது 11 வயதை ஒட்டித்தான். அப்படியானால் ஆறாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இன்னும் பூஸ்டர் வேண்டியிருக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

உயரத்தை அளப்பதை விடக் காரில் அமர வைத்துப் பார்ப்பது நம்பகமானது. பூஸ்டர் இல்லாமல் அமரும்போது முதுகு இருக்கையில் முழுதும் படிய வேண்டும். முழங்கால்கள் இருக்கையின் விளிம்பில் மடங்கிப் பாதங்கள் தரையில் ஊன்ற வேண்டும். கீழ்ப்பட்டை தொடையைத் தொட்டபடி இருக்க வேண்டும். மேல்பட்டை கழுத்துக்கும் கைக்கும் நடுவே தோளில் செல்ல வேண்டும். பயணம் முடியும் வரை அப்படியே இருக்க முடிய வேண்டும். ஒன்று தவறினாலும் பூஸ்டர் தேவை. முழங்கால் மடங்காத பிள்ளை வசதிக்காக முன்னே நகர்ந்து அமரும், உடனே கீழ்ப்பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். காருக்குக் கார் இருக்கையின் நீளம் மாறுவதால் சொந்தக் காரில் தேவைப்படாத பிள்ளைக்கு மாமாவின் காரில் தேவைப்படலாம். பூஸ்டர் தேவையில்லை என்றான பின்பும் 13 வயது வரை பின் இருக்கையே நல்லது.

சட்டங்கள்

நாடுகள் எல்லையை வெவ்வேறு இடங்களில் வகுத்துள்ளன. பிரித்தானியாவில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை குழந்தை இருக்கை கட்டாயம். ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர். தமிழர் மிகுதியாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 18 முதல் 36 கிலோ எடையும் 145 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமும் கொண்ட, எட்டு வயது நிறையாத பிள்ளைகளுக்கு பூஸ்டர் கட்டாயம். அங்குள்ள குளிரில் தடித்த மேலங்கியோடு பெல்ட் போடுவது இன்னொரு சிக்கல். அங்கி அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்தவர்களுக்கு உரிய காப்பு இருக்கை வேண்டும், டாக்சிகளுக்கு விலக்கு உண்டு. மலேசியாவில் 2020 சனவரி 1 முதல் குழந்தை இருக்கை கட்டாயமாக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் நான்கு முதல் ஏழு வயது வரை ஐந்துமுனைப் பட்டை இருக்கையோ பூஸ்டரோ இருக்க வேண்டும்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சேர்த்த 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தைக் காப்பு இருக்கையோ இன்றிப் பயணித்தால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. "சீட் பெல்ட் அல்லது" என்ற சொற்களால், ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் பெல்ட்டை மாட்டிவிட்டாலும் சட்டம் நிறைவேறியதாகிவிடுகிறது. உயரமோ எடையோ அதில் குறிக்கப்படவில்லை.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் மோதல் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்குத் தனி நட்சத்திர மதிப்பீடு உண்டு. ஆனால் அச்சோதனையில் அமர்த்தப்படுபவை 18 மாதக் குழந்தையையும் 3 வயதுக் குழந்தையையும் ஒத்த பொம்மைகள். ஐரோப்பியச் சோதனையில் 2016 முதல் 6, 10 வயதுப் பொம்மைகள் பயன்படுகின்றன. எனவே ஓர் இந்தியக் கார் குழந்தைப் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்தாலும், பூஸ்டரில் அமரும் வயதுப் பிள்ளையைப் பற்றி அந்த நட்சத்திரங்கள் நேரடியாக எதையும் சொல்வதில்லை.